பலாமரத்தில் கூவிய ரயில்

கொல்லிமலைக்கு ரயில் விட்ட ஒரே ஆள் எங்கள் வெடியம்மாதான். தண்டவாளம் கிடையாது, ஸ்டேஷன் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் பாதிப் பேர் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கும் ஊர் அது. அந்த மலைமேல், அரியூர் நாட்டில், ஒரு பலாமரத்தின் கிளையில் அந்த அம்மாள் ரயில் ஓட்டினார். நம்பாதவர்கள் இன்றைக்கும் போய் விசாரிக்கலாம். "ஆமாங்க, வந்துட்டுத்தான் இருந்துச்சு. ஆனா நேரஞ் சொல்லீட்டு வராதுங்க" என்பார்கள்.

நான் அப்போது செம்மேடு தாலுகா ஆபீசில் குமாஸ்தா. செம்மேட்டில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அரியூர் நாட்டில் காளியண்ணன் வீட்டின் ஒரு பாதியில் குடியிருந்தேன். காளியண்ணன் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஆட்டைத் திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அவர் சம்சாரம் நல்லம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து அதிர்ந்து பேசிவிடுவார். ஒரே மகள் சத்யா, ராசிபுரம் பக்கம் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டின் இன்னொரு பாதி காலியாகக் கிடந்தது.

அருவி பார்க்க வேனில் ஒரு கூட்டம் வந்தது. திரும்பிப் போகும்போது அதில் ஒரு ஆள் குறைந்தது. "நீங்க போங்க, நான் இங்கேயே இருந்துக்கிறேன்" என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டு, மரவள்ளிக் காட்டு வரப்பு வழியாக நடந்து வந்து காலி வீட்டைத் திறக்கச் சொன்னார் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். பருத்திப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ, தலையில் மங்கி குல்லா. சித்திரை வெயிலிலும் அந்தக் குல்லாவைக் கழற்றி நான் பார்த்ததில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று காளியண்ணன் கேட்டார். "எங்கே வெடி வெடிச்சாலும் அது எந்த இடம்னு கண்டுபிடிக்கிறது என் வேலை" என்றார் அம்மாள். காட்டுப் பன்றிக்கு வெடி வைக்கிறவர்கள் எல்லாம் அந்த வாரம் முழுக்க வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அவர் வெடியம்மா. நிஜப் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. புதிதாக மலைக்கு வந்த ஒரு லாரிக்காரர் வெடியம்மா கோயில் எந்தப் பக்கம், கிடா வெட்டு உண்டா என்று விசாரித்ததாகக் கேள்வி.

விஷயம் வேறு என்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. பூமியைச் சுற்றி ஒரு செயற்கைக்கோள் ஓடுகிறது. அதில் ஒரு தொலைநோக்கி. வானத்தில் எங்கேயாவது காமா கதிர் பளிச்சென்று வெடித்தால் அது உடனே கீழே சேதி அனுப்பும். அந்த நேரத்தில் காவலில் இருப்பவர்களுக்குப் போன் வரும். யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டு, அது நிஜ வெடிப்புதானா, இல்லை கருவியின் கிறுக்கா என்று பார்த்து, வானத்தில் எந்த இடம் என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டும். வெடிப்பின் மிச்ச வெளிச்சம் மங்குவதற்குள் மற்ற தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்ப வேண்டுமே. நம் பகல் நேரத்துக் காவல் வெடியம்மாவுடையது. நம் ராத்திரியை வேறு தேசத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இப்படி ஒரு வேலையில் இருப்பவர் குடிவந்த வீட்டில் சிக்னல் ஒரு கோடுகூடக் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் மறுநாளே மூட்டையைக் கட்டியிருப்பார்கள். வெடியம்மா அசரவில்லை. "அந்த வெளிச்சம் எத்தனையோ கோடி வருஷம் நடந்து வந்திருக்கு. நான் கொஞ்சம் மேடு ஏறிப் போற நேரத்துல என்ன கெட்டுப்போகுது தம்பி" என்று என்னிடம் தத்துவம் பேசினார். பேசிவிட்டு, கற்பூரத் தட்டு ஏந்தியதுபோல் போனை ஏந்திக்கொண்டு மிளகுத் தோட்டம் முழுவதும் சுற்றி வந்தார். மேட்டுப் பாறைக்குப் பக்கத்தில் இருந்த பலாமரத்தடியில் மட்டும் கோடுகள் எழும்பின. போன் அங்கேயே குடியேறியது. மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று காளியண்ணன் அதை எவர்சில்வர் டிபன் டப்பாவில் பத்திரமாக வைத்து மூடினார். சிக்னலும் பத்திரமாக வெளியிலேயே நின்றுவிட்டது. பிறகு கிளையில் தொங்கவிட்ட பிளாஸ்டிக் கூடை, மேலே பாலிதீன் பை, பக்கத்தில் சத்தம் போட ஒரு சின்ன ஸ்பீக்கர் என்று ஏற்பாடு ஆனது.

போனுக்கு என்ன சத்தம் வைப்பது என்பது அடுத்த கேள்வி. கோழி கூவல் வைத்தால் கோழி இருக்கிறது. லாரி ஹாரன் வைத்தால் லாரி இருக்கிறது. குக்கர் விசில் வேண்டவே வேண்டாம் என்றார் அம்மாள். பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் அதைத்தான் வைத்திருந்தாராம். ஒவ்வொரு வீட்டிலும் பருப்பு வேகும்போதெல்லாம் துள்ளித் துள்ளி எழுந்து கடைசியில் படபடப்பு வந்து சேர்ந்ததாம். மலையில் இல்லவே இல்லாத சத்தம் எது என்று யோசித்து ரயிலை வைத்தார்.

மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு கூப்பிடு தூரம். அதனால் ரயில் கூவியதும் மிளகுத் தோட்டத்தில் இருப்பவர் கீழே ஊற்றுக்குக் குரல் கொடுப்பார். ஊற்றில் துணி துவைப்பவர் வீட்டுக்குக் குரல் கொடுப்பார். வீட்டில் நான் இருந்தால் நானும் கொடுப்பேன். இதில் ஒரே கஷ்டம், சேதி இறங்க இறங்க எடை கூடிவிடும். "ஓஓஓய், ரயில் கூவுதுங்கோ" என்று மேட்டில் புறப்படுவது, ஊற்றைத் தாண்டும்போது "ரயில் கூவுதுங்கோ, அப்புடியே வாரப்ப வெத்தல பாக்கு எடுத்துட்டு வரச் சொல்லுங்கோ" என்று ஆகியிருக்கும். வெடியம்மா ஒரு கையில் லேப்டாப்பும் மறு கையில் வெற்றிலைப் பையுமாக மேடேறி ஓடுவார். கோடி வருஷத் தத்துவமெல்லாம் அப்போது எங்கே போகும் என்று தெரியாது. ஒரு தடவை ஒற்றை ஷூவோடு ஓடினார். மற்ற ஷூவை ஆடு மென்றுவிட்டது.

நல்லம்மாவுக்கு இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். வெடியம்மா அவருடைய சாமைச் சல்லடையை வாங்கி, உள் அறையில் தரைக்கு மேலே பிடித்துக்கொண்டார். காளியண்ணனைக் குனிந்து தரையை மட்டும் பார்க்கச் சொன்னார். நான் பின்னால் நின்று டார்ச் அடிக்க வேண்டும். சல்லடையின் நிழல் எந்தப் பக்கம் தள்ளி விழுகிறதோ, அதை வைத்து டார்ச் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். செயற்கைக்கோளிலும் ஓட்டை போட்ட தகடு ஒன்று இருக்கிறதாம், அதன் நிழலை வைத்துத்தான் வெடித்த திசையைக் கணக்குப் போடுகிறார்களாம்.

காளியண்ணன் ரொம்ப நேரம் தரையையே பார்த்தார். "திரும்பிப் பாத்தாத் தெரிஞ்சுருமேங்க" என்றார்.

"திரும்பறதுக்குள்ள அணைஞ்சுடும் காளியண்ணா. அதான் பிரச்சினையே."

அதில் நெட்டை, குட்டை என்று இரண்டு ஜாதி வெடிப்பு உண்டு. பெரிய நட்சத்திரம் ஒன்று சாகும்போது வருவது நெட்டை, கொஞ்ச நேரம் நின்று எரியும். குட்டை அப்படியல்ல. செத்துப்போன இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று யுகயுகமாகச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மோதிக்கொள்ளும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். மிச்ச வெளிச்சமும் மங்கல், இடம் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு. அப்படி மோதுவதில்தான் தங்கம் உண்டாகிறது என்று சொல்லிவைத்தார் வெடியம்மா. நல்லம்மா சட்டென்று தன் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, அவ்வளவு தங்கம் சிதறுகிறதே, அதை யார் பொறுக்கி எடுப்பது என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும் அன்று முழுவதும் அவருக்கு மனசே ஆறவில்லை.

வெடியம்மாவின் ஆசை ஒன்றே ஒன்று. எத்தனையோ வருஷமாக இந்தக் காவல் பார்க்கிறார். எத்தனையோ நெட்டை அவர் கைவழியாகப் போயிருக்கிறது. ஒரு குட்டைகூட அவர் காவலில் ஒழுங்காக மாட்டியதில்லை. எல்லாம் அடுத்தவர் நேரத்தில்தான் வெடிக்கும். தன் கையால் ஒரே ஒரு குட்டைக்கு இடம் சொல்லி, அந்த இடத்தில் யாராவது வெளிச்சத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டுவிட்டு ரிட்டயர் ஆக வேண்டும். இது அரியூர் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் மரத்தடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் எதிர்ப்படுகிறவர்கள், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி, "நெட்டைங்களா, குட்டைங்களா" என்று கேட்பார்கள். "நெட்டைதான்" என்பார் அம்மாள், ஷூவைப் பார்த்துக்கொண்டே.

இந்த நிலைமையில்தான் காளியண்ணன் போனை எடுத்தார்.

அவர் மரத்தின்மேல் பலாக்காய் அறுத்துக்கொண்டிருந்தார். ரயில் காதுக்குப் பக்கத்திலேயே கூவியது. வழக்கமாகக் குரல்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது பேசாமல் இருப்பது மரியாதை இல்லையே. எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் பேசியது மெஷின். பொறுப்பேற்பதானால் ஒன்றை அமுக்கு, இல்லாவிட்டால் இரண்டை அமுக்கு என்று இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொல்லும்.

"ஒரு பொம்பளப்புள்ள பேசுச்சுங்க சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார். "அம்மா ஊத்துக்குப் போயிருக்குது, வந்தாச் சொல்றேன் கண்ணுன்னேன். மறுக்கா மறுக்கா வன்னு வன்னுன்னே கேட்டுச்சு. பாவம், கேக்குதேன்னு ஒண்ண அமுக்கி உட்டேனுங்க."

ஒன்றை அமுக்கினால், இந்த வெடிப்பு என் பொறுப்பு, மற்றவர்கள் சும்மா இருக்கலாம் என்று அர்த்தம். சும்மா இருந்தார்கள். உலகத்தில் அங்கங்கே காவலில் இருந்த படித்த மனிதர்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்கள். அன்று கொஞ்ச நேரத்துக்கு அந்த விண்வெளித் தொலைநோக்கிக்குத் தலைமை தாங்கியவர், அரியூர் நாட்டு மிளகு விவசாயி காளியண்ணன். தலைவர் பலாக்காயை இறக்கிவிட்டு, கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போனார். வெடியம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பது கஞ்சி குடித்த பிறகு நினைவுக்கு வந்தது. அதற்குள் எல்லாம் மங்கிவிட்டிருந்தது.

அன்று மாலை வெடியம்மா மரத்தடியில் நின்று மேலதிகாரியிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். நானும் காளியண்ணனும் பக்கத்தில் நின்றோம். என் கை தவறிவிட்டது, நான்தான் அமுக்கினேன், வேறு யாரும் இல்லை என்று சொன்னார். இன்னொரு முறை இப்படி ஆனால் காவலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று பதில் வந்தது. என்ன பேசினார்கள் என்று காளியண்ணன் கேட்டதால் நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். மனிதர் முகம் சுண்டிவிட்டது.

இறங்கும்போது யாரும் நெட்டையா, குட்டையா என்று கேட்கவில்லை. வெடியம்மாவே சொன்னார், "குட்டை."

காளியண்ணன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அதற்கு அவருக்கு வார்த்தை போதாது. மறுநாளிலிருந்து வெடியம்மாவின் வாசலில் தினம் ஒரு பலாப்பழம் இருக்கும். தனியாள் எத்தனை பழத்தைத் தின்பார்? பாதியை ஆபீசுக்கு நான் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பருவம் முழுவதும் செம்மேடு தாலுகா ஆபீசில் பட்டா கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சுளை கொடுத்து உபசரித்தோம். வெடியம்மாவும் போதும் என்று சொல்லவில்லை. சொன்னால் காளியண்ணன் வருத்தப்படுவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சத்யாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை எடப்புளி நாடு. வீட்டு வாசல் போதாது என்று மேட்டுப் பாறையில், பலாமரத்தை ஒட்டிப் பந்தல் போட்டார்கள். அன்றைக்காவது லீவு போடுங்கள் என்று வெடியம்மாவிடம் சொன்னேன். மாற்று ஆள் கிடைக்கவில்லை, மரமும் பந்தலும் ஒரே இடம்தானே, இதைவிட என்ன வசதி வேண்டும் என்றார். பட்டுப் புடவை கட்டி, அதே கான்வாஸ் ஷூ, அதே மங்கி குல்லாவோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். லேப்டாப் பை மடியில்.

முகூர்த்த நேரம் வந்தது. மேளக்காரர் குச்சியைத் தூக்கிவிட்டார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது ரயில் கூவியது.

இருந்த இரைச்சலில் என் காதில் விழவில்லை. நல்லம்மாவுக்கு விழுந்தது. மகளுக்குப் பின்னால் விளக்கோடு நின்றிருந்தவர், விளக்கை யாரோ ஒருத்தி கையில் திணித்துவிட்டு, பழக்கதோஷத்தில் கையை வாயருகே குவித்து, "ஓஓஓய், வெடியம்மோவ், ரயிலு" என்று மலை அதிரக் குரல் கொடுத்தார். வெடியம்மா இருந்தது ஐந்தடி தூரத்தில். மேளம் நின்றுவிட்டது.

அம்மாள் மரத்தடிக்குப் பாய்ந்து, தானே ஒன்றை அமுக்கி, கவிழ்த்து வைத்திருந்த ஒரு அண்டாமேல் லேப்டாப்பைத் திறந்தார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலையில் சிக்னல் வரும் இடத்தில் பந்தல் போட்டிருக்கிறோம். வந்த கூட்டம் முழுக்க செல்போனைத் தூக்கிப் பிடித்து, திருப்பூருக்கும் துபாய்க்கும் கல்யாணத்தை நேரலையில் காட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வீடியோவுக்கு நடுவில் வானத்துச் சேதி எந்தச் சந்தில் நுழைந்து வரும்? வெடியம்மாவின் முகம் வெளுத்திருந்தது. பொறுப்பேற்று அமுக்கியும் ஆயிற்று. மற்றவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காவலும் போய்விடும், இது குட்டையாக இருந்தால் அதுவும் போய்விடும்.

நான் காளியண்ணனின் காதில் போய்ச் சொன்னேன். அவர் நேராக மைக்கை வாங்கினார். அதுவரை அவர் மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஏனுங்க, பெரியவங்க எல்லாம் மன்னிக்கோணும். செல்லு வெச்சிருக்கறவங்க அத்தன பேரும் கொஞ்சம் அமத்திப் போடுங்க. நம்ம வெடியம்மாளுக்கு வழி வேணுமுங்க."

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். துபாயில் இருக்கும் பையன் இதற்காகவே லீவு போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தாலி கட்டுகிற நேரத்தில் எப்படி அமத்துவது என்று கேட்டார். சம்பந்தி வீட்டுக்காரர் முகம் சுளித்தால் பெண்ணைப் பெற்றவனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காளியண்ணன் மைக்கை மட்டும் விடவில்லை.

"தாலி கட்டறத ஸ்டூடியோக்காரரு புடிச்சுருவாருங்க, தம்பி பொறவு பாத்துக்கலாம். அங்க மோதுன ரெண்டும் மறுக்கா மோதாதுங்க."

தாய்மாமன் பதறிவிட்டார். எந்த வளைவில் மோதியது, நம் ஆட்கள் வந்த பஸ்ஸா என்று கேட்டார்.

"வளைவுல இல்லீங்க, வானத்துலங்க."

தாய்மாமன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். கூட்டமும் பார்த்தது. அதற்குள் மணமேடையிலிருந்து சத்யா, "அமத்துங்க மாமா. அவங்க எங்கப்பாரக் காட்டிக் குடுக்கலீங்க" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தாய்மாமனுக்குத் தெரியாது. ஆனால் கல்யாணப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சொன்ன பிறகு அவர் செல்லை அணைத்து மடியில் செருகினார். பந்தல் முழுக்கச் செல்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

திரையில் வட்டம் நின்றது. மெல்லிசாக ஒரே ஒரு முள், நெட்டுக்குத்தாக எழும்பி அப்படியே விழுந்திருந்தது. வெடியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காளியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. மைக் கையில் இருப்பதை மறந்து பக்கத்தில் போய்க் கேட்டார்.

"நெட்டைங்களா, குட்டைங்களா?"

"குட்டை" என்றார் வெடியம்மா. அதுவும் மைக்கில் போய், இரண்டு பக்கமும் கட்டியிருந்த குழாய்களில் பாய்ந்து, எதிர் மலைச் சரிவுவரை கேட்டது. எங்கேயோ மரவள்ளிக் காட்டில் இருந்த ஒருவர் அதைப் பிடித்து அடுத்தவருக்கு அனுப்பினார். "குட்டையாமுங்கோ" என்று ஒரு குரல் தூரத்தில் இறங்கிப் போவது எங்களுக்குக் கேட்டது.

அந்தக் குரல் அடங்கும் முன் மேளம் கொட்டியது. தாலி ஏறியது. ஒரு செல்போன்கூடக் குறுக்கே நிற்காமல் நான் பார்த்த கல்யாணம் அது ஒன்றுதான். எல்லோருக்கும் அட்சதை போட இரண்டு கையும் காலியாக இருந்தது. வெடியம்மா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்டாமேல் குனிந்து, கணக்குச் சரிபார்த்து, வானத்தில் இன்ன இடம் என்று உலகத்துக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பந்தி நடக்கும்போது பதில் வந்தது. அந்த நேரத்தில் இருட்டாக இருந்த ஏதோ ஒரு தேசத்து மலையுச்சியில் ஒரு தொலைநோக்கி, அவர் சொன்ன இடத்தைப் பார்த்திருக்கிறது. நேற்றுவரை இல்லாத ஒரு மங்கல் வெளிச்சம் அங்கே இருக்கிறதாம். படித்துவிட்டு வெடியம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். சாம்பார் வாளியோடு வந்த காளியண்ணன் என்னவென்று கேட்டு, விஷயத்தைத் தெரிந்துகொண்டு, வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரும் அழுதார். அந்தப் பந்தி கொஞ்ச நேரம் சாம்பார் இல்லாமல் நின்றது. யாரும் குறை சொல்லவில்லை.

புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் விழுந்து கும்பிட வந்தார்கள். "அங்கயும் இன்னைக்கு முகூர்த்தமுங்களா?" என்று சத்யா கேட்டாள். வெடியம்மா அவள் கழுத்துத் தாலியை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். "இந்தப் பொட்டுத் தங்கமும் ஏதோ ஒரு காலத்துல அப்படி ரெண்டு பேர் சேர்ந்து குடுத்துட்டுப் போனதுதான் கண்ணு. நல்லா இரு" என்றார். கண்ணு என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் செயற்கைக்கோளுக்கு வயதாகிவிட்டது, காவலும் சின்னவர்கள் கைக்குப் போனது. வெடியம்மா மலையிறங்கித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது ஸ்பீக்கரைக் கழற்றினார், கூடையை மறந்துவிட்டார். காளியண்ணன் இன்னும் அதை மரத்திலிருந்து இறக்கவில்லை என்று சத்யா போனில் சொன்னாள். ஒவ்வொரு மழைக்கும் பாலிதீன் பையை மட்டும் மாற்றுகிறாராம்.

எனக்கும் மாற்றலாகி, இப்போது சேலத்தில் ரயில் பாதையை ஒட்டி வீடு. பக்கத்துக்காரர்களுக்கெல்லாம் அந்தச் சத்தம் பழகிவிட்டதாம், காதிலேயே விழுவதில்லையாம். எனக்குப் பழகவில்லை. எந்த ரயில் கூவினாலும் கை தானாக வாயருகே குவிகிறது. என் மனைவி முறைப்பதால் குரல் கொடுப்பதில்லை. கையை இறக்கும்போதெல்லாம் மனசு மட்டும் அடித்துக்கொள்கிறது, அந்த அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று.